பதினொன்றாம் கேள்விக்கு வந்த விடைகள்

1. நடுவில் யாரும் இல்லை

என் முதல் வேலையிலேயே, நான் சேகரித்த கணக்கெல்லாம் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்கு பொய் இல்லை. ஏன் அப்படி எழுதினேன் என்பதை இப்போது ஃபீல்டுக்குப் போகும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நூற்று நாற்பது கேள்வி உள்ள படிவத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். இரும்புக்குப் பர்மிட், மண்ணெண்ணெய்க்குப் பர்மிட். திருச்சியில் ஒரு பொருளாதாரப் புரொபசர், இந்தக் கட்டுப்பாடுகளில் லஞ்சம் எவ்வளவு புகுந்திருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பி.ஏ. முடித்திருந்த என்னை இன்வெஸ்டிகேட்டராக எடுத்துக்கொண்டு, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஓர் ஊருக்கு அனுப்பினார். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன்.

வீட்டுக்கு ஒரு ஷெட்யூல். அதில் பதினோரு கேள்விகள். கடைசிக் கேள்விக்காகத்தான் மற்ற பத்தும்.

"எவ்வளவு குடுத்தீங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. பர்மிட்டுக்காக ஆபீசுக்கு எத்தனை தடவ நடந்தீங்கன்னு கேளுங்க. குடுத்தவன் ஒரே நடையில வந்துடுவான். குடுக்காதவன் நடந்துக்கிட்டே இருப்பான்" என்றார் புரொபசர்.

அப்படியேதான் வந்தது. வீடுகள் முப்பத்தெட்டு. பர்மிட் கேட்டவை முப்பத்தொன்று. ஓரிரண்டு தடவை போனவர்கள் பன்னிரண்டு பேர். ஆறு தடவையும் அதற்கு மேலும் போனவர்கள் பத்தொன்பது பேர். மூன்று, நான்கு, ஐந்து தடவை போனவர் ஒருவர்கூட இல்லை. நான் நான்கு முறை கூட்டிப் பார்த்தேன்.

2. எட்டு மைல்

ஷெட்யூலில் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான். பெயர்ப் பட்டியல் திருச்சியில் புரொபசரின் பெட்டிக்குள் இருந்தது. அதனால் எனக்குப் பயம் இல்லை. ஆனால் தாளின் அடியில் நான்கு விரற்கடை வெற்றிடம் இருந்தது. வெற்றிடத்தைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது. ஆடு எத்தனை, வேப்பமரம் எத்தனை, கிணற்றுப்படி எத்தனை என்று யாரும் கேட்காததையெல்லாம் எண்ணி எழுதினேன்.

இருபத்து மூன்றாம் வீட்டில் அஞ்சலை இருந்தார். அது அவருடைய பெயர் இல்லை. கணவர் இறந்த பிறகு, அரியலூர் ஸ்டேஷனுக்குக் கடலை மூட்டை ஏற்றும் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். இடது சக்கரத்தின் இரும்புப் பட்டை அறுந்துபோய், வண்டி இரண்டு மாதமாக வாசலில் சாய்ந்து நின்றது. பத்து நாளில் கடலை வெட்டு. அதற்குள் இரும்புக்குப் பர்மிட் வாங்கிப் பட்டை போடாவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

"எத்தன தடவ போனீங்க அக்கா?"

"ஒம்பது."

"இன்னும் கிடைக்கலியா?"

"நாளான்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஏந்தம்பி, போவறப்ப ஆறு மைலு, வெறுங்கையோட திரும்பறப்ப அதே ரோடு எட்டு மைலு ஆயிடுது. அதுக்கு ஒரு கட்டம் வச்சிருக்கீங்களா?"

கட்டம் இல்லை. அடியில் எழுதிக்கொண்டேன்.

3. ரெவின்யூ இன்ஸ்பெக்டர்

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன தம்பி, ஊர்க்கணக்கு எடுக்கிறீங்களாமே. காட்டுங்க, பாப்போம்."

"புரொபசர் உத்தரவு இல்லாம காட்டக்கூடாது சார்."

"சர்க்காருக்குக் காட்டாத கணக்கு என்ன கணக்கு? யுத்த நேரம் தம்பி. சந்தேகத்துல உள்ள வச்சா உங்க புரொபசரா வந்து சோறு போடுவாரு?"

பெயர்தான் இல்லையே என்று கொடுத்துவிட்டேன்.

அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "ஏழாம் நம்பர். ஆறு மாடு, ரெண்டு கெணறு, படி முப்பத்திரண்டு. மணியக்காரர் மச்சான் வூடு. அடேயப்பா, படியக்கூட எண்ணிட்டீங்களே. எங்க கர்ணம் இப்படி எழுதுனா எனக்குப் பாதி வேல மிச்சம்."

ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பதினெட்டு. இருபது. இருபத்து மூன்றில் விரல் நின்றது.

"ஒரு வண்டி, எடது சக்கரத்துக்குப் பட்ட இல்ல. ஒம்பது தடவ. திரும்பறப்ப எட்டு மைலு." சிரித்தார். "இது யாரு வாயின்னு எனக்குத் தெரியாதா?"

தோல்பையைத் திறந்து ஒரு மனுவை எடுத்து, அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தார். அஞ்சலையின் மனு. இன்ஸ்பெக்டரின் சிபாரிசு இல்லாமல் அது தாசில்தாரிடம் போகாது.

"இதெல்லாம் அச்சுல வருமா?"

"வரும் சார்."

"அப்ப இந்தம்மா நடக்கட்டும். இன்னும் ஒம்பது தடவ நடக்கட்டும். அதையும் அச்சுப் போடுங்க."

வாசலில் சாய்ந்து நின்ற வண்டி நினைவுக்கு வந்தது. "சார், அவங்க ஒண்ணும் சொல்லல. நானா எழுதுனது" என்றேன்.

"அப்படியா? எழுதிக் குடுங்க."

"இருபத்து மூணுக்கு மட்டுமா?"

"ஒரு வூட்டுக்கு மட்டும் எழுதுனா எல்லாரும் அந்த வூட்டத்தான பாப்பாங்க? விவரம் தெரிஞ்ச புள்ள நீங்க. முப்பத்தெட்டுக்கும் எழுதுங்க."

எழுதினேன். பதினொன்றாம் கேள்விக்கான விடைகளை வீடுகளில் கேட்காமல் நானே நிரப்பினேன் என்று ஒன்றரை வரி. அவர் இரண்டு முறை படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு என் பேனாவையே வாங்கி அஞ்சலையின் மனுவில் சிபாரிசு எழுதினார்.

4. திருத்தம்

மறுநாள் சாயங்காலம், நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அஞ்சலை பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். முந்தானையில் பர்மிட்டை முடிந்திருந்தார்.

"தம்பி, ஒம்பதுன்னு எழுதுனீங்கள்ல? பத்துன்னு மாத்திக்கங்க. ஒத்தக் காசு குடுக்கல. நடந்தே வாங்கிட்டேன்."

"மாத்திக்கறேன் அக்கா" என்றேன்.

திருச்சிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். புரொபசர் அந்த ஊர்த் தாள்கள் முப்பத்தெட்டையும் கட்டித் தனியே வைத்தார். அதற்கப்புறம் அவை எதிலும் சேரவில்லை.

"நீங்க அவருக்கு எழுதிக் குடுத்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி தாளுக்கு அடியில எழுதுனீங்களே, அதுதான் தப்பு" என்றார்.

பிறகு முப்பத்து மூன்று வருஷம் கணக்கெடுப்பு வேலையிலேயே இருந்தேன். என்னிடம் வந்த ஒவ்வொரு படிவத்திலும் முதலில் வெற்றிடத்தைக் கோடு போட்டு அடித்தேன். தேவையில்லாமல் எண்ணிய ஒவ்வோர் ஆடும் மரமும் யாரோ ஒருவருடைய வீட்டுக்கு வழி காட்டும். பெயரை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவனால்தான் கேடு வருகிறது.

அஞ்சலை கேட்ட திருத்தத்தை நான் எந்தத் தாளிலும் செய்யவில்லை. இங்கே செய்கிறேன். இருபத்து மூன்றாம் வீடு, பதினொன்றாம் கேள்வி: பத்து தடவை. லஞ்சம் கொடுத்தவர் அந்த அம்மாள் இல்லை, நான்.