படகு போட்ட கைக்கடிகாரம்

என் கணவரும் நானும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். லாரிகளுக்கான உதிரி பாகங்களை வார்க்கிற இடம் அது. நான் தரப் பரிசோதனைப் பிரிவு, அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பழவேற்காடு ஏரிக்கரையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். தண்ணீரை விட்டுவிட்டுத் தரையில் வண்டி ஓட்டுகிறான் என்று அவருடைய அண்ணன் இன்றைக்கும் கேலி செய்வார். கல்யாணத்துக்குப் பிறகு என் ஊரான கவரைப்பேட்டையில் குடியிருக்கிறோம்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட இங்கிலாந்திலிருந்து ஒரு பொறியாளரும் வந்தார். அறுபதை நெருங்கும் வயது, வெயிலில் சிவந்துபோகிற முகம், அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். அவர் சொல்வதைத் தமிழில் மற்றவர்களுக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பகலில் கேன்டீனில் எங்களோடுதான் சாப்பிடுவார். தயிர் சாதத்துக்கு மாங்காய் ஊறுகாய் வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு இரண்டே வாரத்தில் தேறிவிட்டார்.

ஒரு நாள் கை கழுவுவதற்காகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எதிரில் உட்கார்ந்திருந்த என் கணவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். கருநீல முகப்பு. அதில் பன்னிரண்டு மணிக்குக் கீழே சின்னச் சின்னதாகப் படகுகள்.

"இன்னாது இது, போட்டு படம் போட்டுக்கீது? அவர் இன்னா கப்பல்ல வேல பாத்தாரா? கேளு."

கேட்டேன். அந்த மனுஷரின் முகம் மலர்ந்துவிட்டது. உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். அது டன்கிர்க் என்ற பிரெஞ்சுக் கடற்கரை ஊரின் நினைவாகச் செய்த கடிகாரமாம். இரண்டாம் உலகப் போரில் அவர்கள் நாட்டுப் படை அங்கே மாட்டிக்கொண்டது. முன்னால் கடல், பின்னால் எதிரி. கரையோரம் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் மணல் வரைக்கும் வர முடியவில்லை. அதனால் மீன்பிடி படகு, ஆற்றில் உல்லாசமாகப் போகிற படகு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய்ச் சிப்பாய்களை ஏற்றிவந்தார்கள். அவருடைய தாத்தாவும் தன் சின்னப் படகோடு போனவர்.

இதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் என் கணவர், "நாங்களும்தான் போனோம்!" என்றார்.

சென்னை தண்ணீரில் நின்ற அந்த மழை வருஷத்தைத்தான் சொன்னார். ஏரிக்கரையிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு மீனவர்கள் நகரத்துக்குப் போனார்கள். இவரும் அண்ணனோடு போனார். போகிறேன் என்று என்னிடம் சொல்லவில்லை. எளாவூர் பக்கம் ஒரு வேலை இருக்கிறது என்று கிளம்பியவர், அடுத்த நாள் சென்னையிலிருந்து யாரோ ஒருவருடைய போனில் பேசினார். அப்போது என் மகள் கைக்குழந்தை. திரும்பி வந்தபோது அவர் கணுக்காலில் ஆழமாக ஒரு வெட்டு. தகரம் கிழித்துவிட்டது என்றார். அழைத்துக்கொண்டு போய் ஊசி போட வைத்தேன், நாலு நாள் பேசாமல் இருந்தேன். அதற்குமேல் அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததே இல்லை.

இப்போது அந்தப் பொறியாளர், தண்ணீர் எவ்வளவு, ஆட்களை எப்படி ஏற்றினீர்கள் என்று கேட்கக் கேட்க, இவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.

"மொதோ மாடி பால்கனிலேர்ந்து எறங்கணும். ஒருத்தர் ஒருத்தரா வாங்கன்னு அண்ணன் கத்திக்கினே கீறாரு. பயத்துல அல்லாரும் ஒரே பக்கமா கால வெச்சுட்டாங்க. போட்டு சாஞ்சிடுச்சு. நான் தண்ணிக்குள்ள பூட்டேன்."

அதைச் சொன்னேன்.

"அடில காம்பவுண்டு கேட்டு. அந்தக் கம்பில காலு மாட்டிக்கிச்சு. இழுக்கறேன், வரல. மேல வெளிச்சம் தெரியுது, மூச்சு இல்ல. அவ்ளோதான்னு நெனச்சேன். பாப்பா மூஞ்சிதான் வந்துச்சு. அண்ணன்தான் முழுகி, தலமுடியப் புடிச்சு..."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. இவர் பக்கம் திரும்பினேன். அந்த மனுஷர் என் முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தகரம்னு சொன்னீங்களே" என்றேன்.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நெசத்தச் சொன்னா நீ தாங்குவியா? புள்ளைக்குப் பால் குடுத்துக்கினு இருந்த." பிறகு, "சாரு காத்துக்கினு கீறாரு பாரு. சொல்லு" என்றார்.

சொன்னேன். இரும்புக் கம்பி, மூச்சு, குழந்தையின் முகம், எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். தமிழில் என்றால் அழுதிருப்பேன். தேடித் தேடி வார்த்தை பிடிக்க வேண்டியிருந்ததால் அழாமல் தப்பித்தேன். கடைசியாக, இதெல்லாம் எனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

பொறியாளர் சிரிக்கவில்லை. தன் தாத்தாவும் படகு இன்ஜினைப் பழுது பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினாராம். எங்கே போய் வந்தார் என்பது பாட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்ததாம்.

இதைத் தமிழில் சொன்னதும் என் கணவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா? எல்லா ஊர்லயும் இதான்!"

"எல்லா ஊர்லயும் பொண்டாட்டிங்களுக்குத்தான் பேஜாரு" என்றேன். அதை அந்த மனுஷர் கேட்காமலேயே மொழிபெயர்த்தும் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் பைக்கில் வீட்டுக்குப் போகும்போது அவர் தோளில் வழக்கத்தைவிட அழுத்திக் கை வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும், "இன்னும் இன்னா இன்னா மறைச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "அவ்ளோதாம்மா" என்றார். நம்பினேன். கோபம் வரவேண்டிய இடத்தில், இந்த ஆள் உயிரோடு என் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறாரே என்ற சந்தோஷம்தான் வந்தது.

பொறியாளர் ஊருக்குப் போய்ச் சில மாதங்களில் தொழிற்சாலை முகவரிக்கு ஒரு பார்சல் வந்தது. அதே கருநீல முகப்பு, அதே படகுகள். பின்மூடியில் டன்கிர்க் என்ற பெயரும், அதற்குக் கீழே புதிதாகப் பொறித்த என் கணவருடைய பெயரும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. மாற்றித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வாணாம், நல்லாத்தான் கீது" என்று அப்போதே கட்டிக்கொண்டார்.

வேலைக்கு அதைக் கட்டுவதில்லை. கல்யாணம், காதுகுத்து என்றால் கட்டாயம் மணிக்கட்டில் இருக்கும். போன மாதம் மணவாள நகரில் என் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவரிடம் அவருடைய அண்ணன், "இன்னாடா வாட்ச்சு இது?" என்றார். இவர் டன்கிர்க்கைச் சொல்ல ஆரம்பித்தார். பொறியாளருடைய தாத்தாவின் சின்னப் படகு, ஆழமில்லாத கரை, கழுத்தளவுத் தண்ணீரில் வரிசையாக நின்ற சிப்பாய்கள். நேரில் பார்த்தவர் மாதிரி கையை நீட்டி, அலை எந்தப் பக்கம் அடித்தது என்றெல்லாம் காட்டினார். எதிர்வரிசைக்காரர்கள் சாம்பாரை மறந்து கேட்டார்கள்.

அண்ணனுக்கு ஒரே ஒரு சந்தேகம். "அந்தத் தாத்தா போட்டுக்கு இன்னா இன்ஜினு, டீசலா பெட்ரோலா?"

"டீசலு" என்றார் இவர், துளியும் யோசிக்காமல்.

எனக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பொறியாளர் இதைச் சொல்லவே இல்லை. நான் தலையைக் குனிந்து பாயசத்தைக் குடித்தேன்.