நாய் பிஸ்கட்டுக்கு நான் வைத்த பரீட்சை

திருடன் என்று என்னை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்கள். நான் திருடியதாகச் சொன்ன பொருள் நாய் பிஸ்கட்.

பிள்ளைகளே, கடையில் ரஸ்க் வாங்கினாலும் அப்பா அதை அங்கேயே ஒடித்து முகர்ந்து பார்க்கிறார், வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காத்திருக்கிறார் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரியுங்கள். ஆனால் அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

1. விசாரணை

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விழுப்புரம் ஜங்ஷனை ஒட்டிய பங்களாவில் ரயில்வே துரை ஒருவர் குடியிருந்தார். அங்கே நான் நாய்க்காரன். டைகர், நெல்லி என்று இரண்டு வேட்டை நாய்கள். குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது, நடக்கக் கூட்டிப் போவது, தீனி வைப்பது, அவை அசிங்கம் பண்ணியதை அள்ளிக் கொட்டுவது எல்லாம் என் வேலை. துரை திருச்சிக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் துரைசானி அம்மாள் இருப்பார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் பட்லர் சவரிமுத்து.

ஒரு காலை துரைசானி நெல்லியின் விலாவைத் தடவினார். எலும்பு எலும்பாகக் கையில் தட்டியது. டைகரைத் தடவினார். அதுவும் அப்படித்தான்.

"முனுசாமி, நாய் ஏன் எலும்பு? பிஸ்கட் எங்கே போறான்?"

"நாய்ங்கதான் துன்னுதுங்கம்மா. ஒரு துண்டு மிச்சம் வெக்கறதில்ல."

பட்லர் தொண்டையைச் செருமினார். "அதாம்மா எனக்கும் சந்தேகம். முன்னல்லாம் ஒரு நாய்க்கு ஒரு வேளைக்கு நாலு பிஸ்கட் வாங்கிக்கினு போவான். இப்போ எட்டு கேக்கறான். எட்டும் வயித்துக்குப் போனா நாய் பீப்பாயாட்டம் இருக்கணுமே. டேய், நெஜத்தச் சொல்லு. ஊட்டுக்கு எத்தினி போவுது?"

அவர் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது. எட்டு வாங்கினேன். எட்டையும் போட்டேன். நாய் இளைத்துப் போயிருந்தது.

"துரை வர்ற ரெண்டு வாரம்," என்றார் துரைசானி. "நாய் இப்படியே இருந்தா, நீ போ."

அந்தச் சேதி எனக்கு முன்னால், பங்களாவுக்குப் பின்புறம் இருந்த எங்கள் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் அம்மா அப்போதுதான் ஒலக்கூரிலிருந்து புதுப் பெண்ணாக வந்திருந்தாள். குழாயடியில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "இன்னாடி, உங்க ஊட்ல தெனம் பிஸ்கட் பலகாரமாமே?" உங்கள் அம்மா சளைக்கவில்லை. "ஆமாங்க்கா, உனக்கும் நாலு எடுத்து வெக்கட்டுமா? நீ கொரைக்கறத பாத்தா பசியில கொரைக்கறாப்புல இருக்குது," என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகுதான் அழுதாள்.

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். ஊருக்கு எப்டி தெரியும்?" என்றாள். 

வேலை போனால் வேறு வேலை தேடலாம். நாய்த் தீனியைத் திருடித் தின்றவன் என்ற பெயரோடு எங்கே போய் நிற்பது?

2. சீமை பிஸ்கட்டும் திண்டிவனம் பிஸ்கட்டும்

யுத்தத்துக்கு முன்னால் நாய்களுக்குச் சீமையிலிருந்து கப்பலில் பிஸ்கட் வரும். பெரிய தகர டின். சதுரமாக, செங்கல் மாதிரி கெட்டியாக இருக்கும். வாசனை என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. டைகர் அதைக் கடனே என்று கடிக்கும். நெல்லிக்குத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால்தான் இறங்கும்.

கப்பல் நின்றதும் சீமை டின்னும் நின்றது. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில் வைத்திருந்த ஒரு முதலாளி, பிண்ணாக்கை வைத்து நாய் பிஸ்கட் போட ஆரம்பித்தார். சீமை பிஸ்கட்டின் விலையில் பாதிதான். முதல் மூட்டையை அவிழ்த்தபோதே கருவாட்டு வாசனை பங்களா முழுக்க அடித்தது. சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்துவிடும் போல இரண்டு நாயும் குதித்தன. தட்டை வைத்தால் நக்கி நக்கித் தட்டையே நகர்த்திக்கொண்டு போகும்.

நான்தான் துரைசானியிடம் போய்ச் சொன்னேன்: "இது சீமையவிட ஒசத்திங்கம்மா. நாய்ங்க எப்டி துன்னுது பாருங்க."

பிள்ளைகளே, நான் செய்த தப்பு அதுதான். நாய் ஆசையாகத் தின்கிறது, அதனால் தீனி நல்ல தீனி என்று நானே சான்று கொடுத்துவிட்டேன். தின்று முடித்த பிறகும் அவை தட்டை நக்கிக்கொண்டு நிற்கவே, பசி அடங்கட்டும் என்று நாலை ஆறாக்கினேன், ஆறை எட்டாக்கினேன்.

3. எருக்குழி

கெடு வைத்த மறுநாள் காலை வழக்கம் போல முற்றத்தைச் சுத்தம் செய்து, அள்ளியதை இரும்புச் சட்டியில் எடுத்துக்கொண்டு புங்கமரத்தடி எருக்குழிக்குப் போனேன். கொட்டினேன். மறுபடி வந்து மிச்சத்தை அள்ளினேன். இரண்டாவது தடவை கொட்டும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

சீமை பிஸ்கட் போட்ட காலத்தில் இரண்டு நாய்க்கும் சேர்த்து அரைச் சட்டி. ஒரு நடை போதும். எப்போதிருந்து நான் இரண்டு நடை நடக்கிறேன்? திண்டிவனம் மூட்டை வந்த வாரத்திலிருந்துதான். வேலை கூடிப்போச்சே என்று முனகினேனே தவிர, அது ஏன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

நான் கொடுத்த எட்டு பிஸ்கட்டும் எங்கே போகிறது என்று அப்போது தெரிந்தது. என் வீட்டுக்கும் போகவில்லை, நாயின் உடம்புக்கும் போகவில்லை. குழிக்கு வந்துகொண்டிருந்தது.

குச்சியால் கிளறிப் பார்த்தேன். அருவருப்புப் படாதீர்கள், இது என் தொழில். மல்லாட்டைத் தோல் பொடிப் பொடியாக, போன மாதிரியே வந்திருந்தது.

4. பார்சல் ஆபீஸ் தராசு

துரைசானியிடம் போய் ஒரு வரம் கேட்டேன். முகாமுக்குப் போகும்போது வேண்டும் என்று அவர் ஒரு சீமை டின்னைப் பூட்டி வைத்திருந்தார். "அத டைகருக்கு மட்டும் போடுங்கம்மா, நாலே நாலு. நெல்லிக்குத் திண்டிவனம் எட்டு. உங்க கையாலயே போடுங்க. நான் பிஸ்கட்டத் தொடவே மாட்டேன். பதிமூணு நாளு கழிச்சுப் பாருங்க."

"கதை வுடறான்மா," என்றார் பட்லர். துரைசானி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

இளைத்ததா, தேறியதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொன்னால் பட்லர் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் அன்றே இரண்டு நாயையும் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பட்லரும் சாட்சிக்கு வந்தார். பார்சல் ஆபீஸ் கிளார்க் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"இன்னா முனுசாமி, நாய எந்த ஊருக்கு புக் பண்ணிக்கினு போற?"

"எந்த ஊருக்கும் இல்லிங்க. எடை மட்டும் போடணும்."

"நிக்குமா?"

நிற்கவில்லை. டைகர் தராசுத் தட்டில் ஏறி, இறங்கி, கிளார்க்கின் சாப்பாட்டுத் தூக்கை முகர்ந்தது. கடைசியில் நான் அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறி, கழித்து எடுத்தோம். நெல்லிக்கும் அப்படியே. டைகர் ஐம்பத்தெட்டு ராத்தல், நெல்லி நாற்பத்தொன்பது. கிளார்க் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பட்லர் கையிலேயே கொடுத்தார்.

அன்றிலிருந்து இரண்டு நாயையும் தனித்தனி முற்றத்தில் கட்டினேன். தனித்தனிச் சட்டி வைத்தேன். துரைசானி தன் கையால் தீனி போட்டார். நான் இரண்டு சட்டியையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

5. இரண்டு சட்டி

பதிமூன்றாம் நாள் மறுபடி எடை. டைகர் அறுபத்தொன்று. நெல்லி நாற்பத்தெட்டு.

பட்லர் சீட்டை இரண்டு தடவை படித்தார். "பொட்ட நாய்க்கு ஒடம்பு சரியில்லாம இருக்கும்," என்றார்.

இதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அன்று காலை அள்ளிய இரண்டு சட்டியையும் கொட்டாமல் வைத்திருந்தேன். நேரே தாழ்வாரத்துக்கு எடுத்துக்கொண்டு போய் துரைசானி டீ குடிக்கும் இடத்துக்குக் கீழே, படியில் வைத்தேன்.

"அடப்பாவி! இன்னாடா கொண்டாந்துக்கினு வர? ஜல்தி எடுத்துக்கினு போடா!" பட்லர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"அம்மா, இது சீமை துன்ன நாயி. இது திண்டிவனம் துன்ன நாயி. பாருங்க."

ஒன்றில் ஒரு கை அளவு. இன்னொன்றில் விளிம்பு வரை. துரைசானி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். இரண்டையும் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரும் மாவு சலிக்கிற பழைய சல்லடையும் கொண்டு வந்திருந்தேன். நெல்லியின் சட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து அலசினேன். சல்லடையில் தோலும் தவிடும் தங்கியது. பிறகு சுத்தமான கிண்ணத்தில் ஒரு திண்டிவனம் பிஸ்கட்டை ஊறப்போட்டு, அதையும் வேறு வடிகட்டியில் அலசினேன். அதே தோல், அதே தவிடு.

துரைசானி பெரிதாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "முனுசாமி, நான் தப்பு," என்றார். பட்லர் எங்கேயோ பால் பொங்குகிறது போல உள்ளே போய்விட்டார்.

6. மில்லில்

பெயர் மீண்டது. ஆனால் டின் காலியாகிவிட்டது. இனி நாய்க்கு என்ன போடுவது? துரைசானி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து என்னைத் திண்டிவனத்துக்கு ரயிலேற்றினார்.

மில் முதலாளி நல்ல மனுஷர், ஆனால் சத்தக்காரர். "நாயி வால ஆட்டிக்கினு துன்னுதா இல்லியா?"

"துன்னுதுங்க மொதலாளி."

"அப்றம் இன்னாடா பேஜாரு?"

அவர் மேஜையில் இருந்த கிண்ணத்தில் அவருடைய பிஸ்கட்டையே போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். முதல் தண்ணீரில் கருவாட்டுப் பொடி முழுக்கக் கழன்று வந்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினேன். உடைத்து முகர்ந்து காட்டினேன். மீன் வாசனையே இல்லை. பழைய பிண்ணாக்கின் காறல் மட்டும் தொண்டையில் ஏறியது.

"கருவாடு மேலதான் மொதலாளி இருக்குது. உள்ள தோலுதான் இருக்குது."

அவர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "தோலச் சலிச்சிட்டு, புதுப் பிண்ணாக்கு, கேப்பை மாவுன்னு போட்டா வெல ஏறிடும்டா. எவன் வாங்குவான்?"

"ஏறட்டுங்க. இப்போ எட்டு போடறேன், நாயி எளைக்குது. நல்லதா இருந்தா நாலு போதும். வெல கொஞ்சம் ஒசந்தாலும் மூட்ட ரெண்டு மடங்கு நாளு வரும். வாங்கறவங்களுக்கு அதானுங்க லாபம்."

அவர் துரைசானியின் சீட்டை மறுபடி பிரித்துப் படித்தார். காட்பாடி வரைக்கும் உள்ள பங்களாக்காரர்களுக்கெல்லாம் இதைப்பற்றி எழுதப்போவதாக அதில் இருந்திருக்கிறது. "சரி. சலிச்சே போடறேன். ஆனா ஒவ்வொரு அடுப்புச் சரக்குலயும் சாம்பிள் அனுப்புவேன். நீயே பாத்துச் சொல்லு. உன் சட்டிய மட்டும் இங்க எடுத்துக்கினு வந்துடாத," என்றார்.

மரக்காணத்துக் கருவாட்டைப் பொடித்து மாவோடு சேர்த்துப் பிசைந்தார்கள். வாசனை முன்னைப் போல ஊரைக் கூட்டவில்லை. நாய்களும் குதிக்கவில்லை. நின்று, கடித்து, மென்று தின்றன. யுத்தம் முடியும் வரை சாம்பிள் வந்துகொண்டிருந்தது. துரை சீமைக்குக் கப்பல் ஏறிய பிறகு அதே மில்லில் சரக்குப் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. உங்களைப் படிக்க வைத்தது அந்த வேலைதான்.

7. அரைச் சட்டி

எந்தச் சரக்கானாலும் நான் பார்ப்பது இவ்வளவுதான். ஒடித்தால் உள்ளும் வெளியும் ஒன்றாக இருக்கிறதா, முகர்ந்தால் காறுகிறதா, ஊறினால் கிண்ணத்தின் அடியில் என்ன தங்குகிறது. வாயில் போடும்போது இருக்கும் ஆசையை வைத்து மதிப்புப் போடக்கூடாது. உடம்பில் தங்குவதற்குத்தான் மதிப்பு. விலையையும் அதை வைத்துத்தான் பேச வேண்டும்.

பட்லர் சவரிமுத்து என்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் சுபாவம் அப்படி. ஆனால் புது பிஸ்கட் வந்த இரண்டாவது வாரம், நான் சட்டியோடு எருக்குழிக்குப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை, தலைப்பாகை, பித்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு பட்லர் வந்தார். என்னை நிறுத்தினார். மூக்கைப் பிடிக்காமல் குனிந்து சட்டிக்குள் நன்றாகப் பார்த்தார்.

"அரைச் சட்டிதான்டா முனுசாமி," என்றார். பிறகு குழாயடிப் பக்கம் திரும்பி, அங்கே நின்ற பெண்கள் காதில் விழும்படி இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்: "அரைச் சட்டிதான்!"

அன்று ஒரே நடையில் வேலை முடிந்தது.