சுவரில் ஓடிய கோடு

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஓவியக் கல்லூரியிலும் படித்தேன் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு. மர்பி டவுனில் எங்கள் வாடகை வீட்டின் பின்னறையில் பகலில் நான் வரைவேன். இரவில் தங்கை படுப்பாள். "பெயிண்ட் காயணும், உள்ள வராதம்மா" என்று அம்மாவைத் தடுத்திருந்தேன்.

அந்த அறைச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. மழைக்காலம் முழுக்க அதைப் பார்த்து அரூப ஓவியங்கள் வரைந்தேன். விரிசல் வளர வளர என் கோடுகளும் அழகாயின. கடைசிப் படத்தில், சுவர் உப்பியிருந்ததைச் சாம்பல் நிழலாகத் தீட்டினேன். ஏழு படங்களையும் கண்காட்சிக்கு அனுப்பக் கூடத்தில் வரிசையாகச் சாத்தி வைத்தேன்.

சித்தாள் வேலை முடிந்து வந்த அம்மா, சிமெண்ட் கையோடு அவற்றின் முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது?"

"அப்ஸ்ட்ராக்ட்மா. உனக்குப் புரியாது."

அம்மா படம் படமாக விரலை நீட்டினாள். "மொதல்ல முடி கணக்கா இருக்குது. இங்க விரலே போவும். கடைசில வவுறு தள்ளிக்கிச்சு. எந்தச் செவுருடி இது?"

நான் பின்னறையைக் காட்டினேன். காய்ச்சலோடு தங்கை அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா ஓடிப்போய் அவளைப் பாயோடு இழுத்து வந்தாள்.

மறுநாள் காலை மழையில் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. தங்கை படுக்கும் இடத்தில் செங்கல் குவிந்து கிடந்தது.

"தெனம் பாத்தியேடி" என்றாள் அம்மா.

இப்போது எந்தப் படத்தை முடித்தாலும் முதலில் அம்மாவிடம்தான் காட்டுகிறேன். "இது வெறும் பெயிண்ட்டுதான்" என்று அவள் சொல்லும்வரை எனக்கு மூச்சு சீராவதில்லை.