வெடிக்கு விழாத மனுசன்

வெடிச் சத்தத்துக்கு முதலில் விழுவது யார் என்று மன்னார்க் கரையில் எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் போட்டி வைத்தால், என் வீட்டுக்காரர்தான் முதலாம் பரிசு எடுப்பார். பெயர் இன்னாசிமுத்து. படகு எஞ்சின் திருத்துவது தொழில். சத்தம் நம்முடைய காதுக்குள் இறங்குவதற்குள் மனிதர் மண்ணில் குப்புறக் கிடப்பார். ஆமிக்காரன் சுட்டாலும் அதுதான், பக்கத்து வளவில் தேங்காய் விழுந்தாலும் அதுதான். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆடி மாதம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. கடற்கரையில் அவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றபோது, எங்கிருந்தோ துப்பாக்கிச் சூடு வந்தது. பிள்ளையை அணைத்தபடி அப்படியே விழுந்தார். எல்லாம் ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால், அவர்கள் நின்ற இடத்துக்கு நேரே படகுப் பலகையில் இரண்டு ஓட்டை. ஒன்றுக்குள் என் விரலை விட்டுப் பார்த்தேன். பலகை இன்னும் சூடாக இருந்தது. மாதாவே, அந்த மனிதர் விழுந்த விழுகையால்தான் எனக்குப் புருசனும் பிள்ளையும் மிஞ்சினார்கள்.

அடுத்த வருடம் கடலுக்குப் போகத் தடை வந்தது. படகு ஓடாவிட்டால் எஞ்சின் எப்படிப் பழுதாகும்? அவர் நட்டுக் கழற்றும் சாவிகளை எண்ணெய் போட்டுத் துடைப்பார், அடுக்குவார், மறுபடி துடைப்பார். இப்படியே மாதங்கள் போக, ரயில் ஓட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. முதலில் சாரதிக்கு உதவியாளர், பிறகு சாரதி. எழுதிப் போட்டார். ஐப்பசியில் பதில் வந்தது: மூன்று கிழமையில் கொழும்பில் நேர்முகப் பரீட்சை. வயதெல்லை முப்பது. அடுத்த தையோடு அவருக்கு முப்பது முடிகிறது. இதை விட்டால் இனி அவருக்குக் கடிதம் வராது.

"கோச்சிப் பாதையில கண்ணிவெடி வைக்கிறாங்களாம், மார்த்தா" என்றார் ஒருநாள், ரயில் வேலைக் கடிதத்தை மடித்தபடி.

"வீட்டுக்குள்ள இருந்தா மட்டும் வெடிக்காதோ? போய்ப் படியுங்கோ!" என்று சத்தம் போட்டேன்.

மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீட் நானா, இரண்டு வருடத்துக்கு முன் இதே பரீட்சைக்குப் போய்த் தோற்றவர். என்ன கேட்பார்கள் என்று அறிய அவரிடம் போனோம். சிங்களத்தில் நாலைந்து பதில்களைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கேள்வியெல்லாம் பெரிய விசயமில்ல மச்சான். கடைசியில எஞ்சின்ல ஏத்திக்கொண்டு போவாங்க. தண்டவாளத்தில ஒரு வெடி வச்சிருப்பாங்க, சொல்ல மாட்டாங்க. சில்லு ஏறினதும் டமார் எண்டு கேக்கும். முன்னுக்கு ஆபத்து, நிப்பாட்டு எண்டு அர்த்தம். நிண்ட நிலையில நிண்டு பிறேக்கப் பிடிக்கணும்."

"நீ பிடிச்சனியே?" என்று கேட்டார் என் மனிதர்.

"எங்க பிடிச்ச? காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்திட்டன்! பாக்க வந்த பெரியவங்கள் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ள கேக்குது. கொழும்புப் பொடியன் எவனும் விழேல்ல. நாங்கதான் விழுவம்."

நான் என் மனிதரைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய்க்கே விழுகிற ஆள். சரிதான், வேலை கிடைத்தமாதிரித்தான் என்று எண்ணினேன்.

ஆனால் விடுகிற ஆளா நான்? அடுத்த நாளே பழக்கத் தொடங்கினேன். எங்கள் கொட்டிலில் ஒரு மரக்குற்றியில் பழைய படகு எஞ்சின் பூட்டியிருந்தது. அதன் கைபிடிதான் பிறேக். அவர் அதைப் பிடித்தபடி நேரே பார்த்து நிற்பார். நான் பின்னால் எங்காவது ஒளிந்து நின்று, சீனி சுற்றி வந்த கடதாசிப் பையை ஊதி, ஓங்கி அடிப்பேன்.

முதல் வெடிக்கு அவர் விழுந்தார். நாலு வயது மகள் அன்ரோனெற்றும் விழுந்தாள். வேலிக்கு அப்பால் றஞ்சிதம் அக்கா மீன்சட்டியோடு பங்கர் குழிக்குள் பாய்ந்தார்.

சட்டி உடைந்த கையோடு வேலியில் வந்து நின்று கத்தினார். "எடியே மார்த்தா, உனக்கென்ன விசரே? நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பன்!"

"கோவியாதேங்கோ அக்கா. இவரைக் கோச்சி ஓட்டப் பழக்கிறன்."

"கோச்சி ஓட்ட எங்களை ஏனடி கொல்லுறாய்?"

அதற்குப் பிறகு, பழக்குகிற நேரங்களில் வேலியில் ஒரு சிவப்புத் துவாய்த் துண்டைக் கட்டிவிடுவேன். துவாய் தொங்கினால் அது மார்த்தாவின் வெடி, பயப்படத் தேவையில்லை என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லி வைத்தேன்.

முதல் கிழமை முழுக்க விழுந்தார். வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். "இஞ்சாருங்கோ, நிலத்தில என்ன கிடக்குது எண்டு விழுறீங்கள்? நீங்கள் விழுந்தா இந்தப் பிள்ளைக்குச் சோறு போடுறது ஆர்?" பாவம், முழங்கையெல்லாம் தோல் உரிந்து போயிருந்தது. இரண்டாம் கிழமை முழங்கால் மட்டும் மடங்கியது. பை முடிந்துபோக, தகரத்தில் உலக்கையால் அடித்தேன். மூன்றாம் கிழமை ஒருநாள் அடுத்தடுத்து மூன்று தரம் அடித்தேன். மனிதர் அசையவில்லை. கை மட்டும் பிடியை இழுத்தது. நான் துள்ளிக் குதித்தேன். அன்றைக்கு நண்டுக் குழம்பு வைத்தேன்.

மகள் மட்டும் ஒவ்வொரு முறையும் விழுந்துகொண்டுதான் இருந்தாள். அவளை நிற்கப் பழக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

போகிற நாள் வந்தது. அந்தக் கிழமை ரயில் ஓடவில்லை, பஸ்ஸில்தான் போகவேண்டும். வெள்ளைச் சேட்டு ஒன்றை இஸ்திரி போட்டு மினுக்கி உடுத்தியிருந்தார். சான்றிதழ்கள், ஊர் விதானையாரின் கடிதம், அடையாள அட்டை எல்லாம் ஒரு பையில் என் கையில். ஹமீட் நானாவின் கடையில் நானும் மகளும் நீள வாங்கிலில் உட்கார்ந்திருந்தோம். அவர் வாசலில், பிஸ்கட் போத்தல்கள் அடுக்கிய பலகைக்கு முன்னால் நின்று, சிங்களப் பதில்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஆமி ஜீப் வண்டி ஒன்று தெருவில் திரும்பியது. அடுத்த கணம் டமார் என்று ஒரு வெடி. யார் எறிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடையில் இருந்த அத்தனை பேரும் நிலத்தில். ஹமீட் நானா அடுப்புக்குப் பின்னால். நான் விழுவதற்கு முன்பே மகள் வாங்கிலுக்குக் கீழே போய்விட்டாள். தலையைத் தூக்கி அவரைத் தேடினேன்.

அவர் நின்றுகொண்டிருந்தார்.

நேரே பார்த்தபடி, முதுகு நிமிர்ந்து, வலது கையை முன்னால் நீட்டி, இல்லாத பிறேக்கை இழுத்துப் பிடித்தபடி நின்றார். தெருவில் சூடு தொடங்கிவிட்டது.

"விழுங்கோ! ஐயோ விழுங்கோ!" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. நான்தானே பழக்கினேன், அசையக் கூடாது என்று. தவழ்ந்து போய் இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். தடாரென்று என்மேல் விழுந்தார். விழுந்த கையோடு பலகையில் இருந்த பிஸ்கட் போத்தல் சூடு பட்டுச் சிதறி எங்கள் மேல் கொட்டியது. அது அவருடைய நெஞ்சு இருந்த உயரம்.

சத்தம் ஓய்ந்தது. அவர் மெல்ல முகத்தைத் தூக்கினார். சேட்டெல்லாம் சேறும் பிஸ்கட் தூளும். முகத்தில் பார்த்தால் ஒரு சிரிப்பு.

"மார்த்தா, பாத்தனியே? விழேல்லை!"

கன்னத்தைப் பொத்தி ஒரு அறை விட்டேன். கல்யாணம் கட்டி ஆறு வருடத்தில் அதுதான் முதல் அறை. பிறகு அவருடைய சேட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு உடைந்த போத்தலைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ரோட்டைப் பூட்டப் போறாங்கள்! வாறவங்கள் ஏறுங்கோ!" என்று பஸ் கொண்டக்டர் கத்தினான். ஹமீட் நானா தன்னுடைய சேட்டைக் கழற்றிக் கொடுத்தார். அது என் மனிதருக்குத் தொளதொளவென்று இருந்தது. சான்றிதழ்ப் பை இன்னும் என் கையில்தான் இருந்தது. கொடுக்காமல் விட்டிருந்தால் அவர் போயிருக்க மாட்டார். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் துடைத்துத் துடைத்து அடுக்கி வைத்த சாவிகள் என் கண்ணுக்குள் வந்தன. பையை நீட்டினேன்.

"எஞ்சினுக்குள்ள நில்லுங்கோ. கீழ இறங்கினா விழுங்கோ. ரெண்டையும் மாத்திப் போடாதேங்கோ."

"ஓம்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினார்.

கொழும்பில் எஞ்சினுக்குக் கீழே வெடி வெடித்ததாம். நின்றாராம், பிறேக்கைப் பிடித்தாராம், வேலை கிடைத்தது. பயிற்சி எல்லாம் முடிந்து, உயிர்த்த ஞாயிறுப் பெருநாளுக்கு நாலு நாள் லீவில் முதன்முதலாக வீட்டுக்கு வந்தார். வேலிப் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டதும், ஊதி ஆயத்தமாக வைத்திருந்த கடதாசிப் பையோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் உள்ளே கால் வைக்க, ஓங்கி அடித்தேன்.

மகள் விழுந்தாள். அவர் பெட்டியும் கையுமாக நிமிர்ந்து நின்றார்.

அலுமாரியைத் திறந்து அந்தச் சிவப்புத் துவாயை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். றஞ்சிதம் அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னடி, திரும்பவும் பழக்கப் போறியே? வேலைதான் கிடைச்சிட்டுதே!"

"ஓம் அக்கா" என்றேன். "இனி விழப் பழக்க வேணும். நாலு நாள்தான் இருக்குது."