நாத்தனாரும் நானும் ஆயில் மாற்றிய நாள்

சர்வீஸ் சென்டரிலிருந்து ஸ்கூட்டியை எடுத்து வந்த அன்று பில்லை டீவி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது என் நாத்தனார் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் மாத்தறதுக்கு ஆயிரத்து நானூறு ரூபாயா?"

"வாட்டர் வாஷும் சேத்துதாங்க்கா."

"கழுவுறதுக்கு நம்ம வீட்ல தண்ணி வரலியா?" என்றார். பில்லை மடித்து அதே இடத்தில் வைத்தார். நான் தலை துவட்டப் போனேன். எங்கள் வீட்டில் பேச்சு பொதுவாக அப்படித்தான் முடியும்.

அவர் என் கணவரின் அக்கா. வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இப்போது கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறார். நான் நேரு வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். என் கணவர் ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்கிறார், மாதத்துக்கு இரண்டு முறை வருவார். ஆக வீட்டில் நாங்கள் இருவர், ஒரு ஸ்கூட்டி. காலையில் அவரை இறக்கிவிட்டு நான் கடைக்குப் போவேன். சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் நான் கழுவி வைத்த பாத்திரத்தை அவர் எடுத்து இன்னொரு முறை கழுவுவார். நான் அதைப் பார்க்காத மாதிரி இருப்பேன். மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

அடுத்த ஆயில் மாற்றும் நேரம் வந்தபோது அவரே ஆரம்பித்தார். "கடையில ஒரு பாட்டில் ஆயில் நானூத்தி சொச்சம்தானாம். நாமளே மாத்தினா இன்னா?"

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"மில்லுல அத்தாம்பெரிய மிஷினுக்கே எண்ணெ போட்டவ நானு. இது ஸ்கூட்டி."

ஒரு விடுமுறை நாள் காலையில் வாசலில் சாக்கை விரித்தோம். இருவரும் நைட்டி, தோளில் துண்டு. பக்கத்து வீட்டில் ஸ்பேனர் கடன் வாங்கினோம். செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒருவர் ஆயில் மாற்றும் வீடியோவை ஓடவிட்டோம். வீடியோவில் இருந்தது வேறு கம்பெனி வண்டி. எல்லா ஸ்கூட்டியும் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டோம்.

அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்றார் வீடியோக்காரர். நாத்தனார் தரையில் கன்னம் பதியக் குனிந்து தேடினார். பின் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு போல்ட் கிடைத்தது. இருவரும் சேர்ந்து ஸ்பேனரை இழுத்தோம். ஒரு முனகலோடு அது அசைந்தது. பழைய பிளாஸ்டிக் பேசினில் எண்ணெய் வடிந்தது.

ஒரு டம்ளர்கூட இருக்காது. அதுவும் தேன் நிறத்தில், பளபளவென்று.

"பாத்தியா?" என்றார் நாத்தனார். "வீடியோவுல கன்னங்கரேல்னு ஊத்துது. நம்மளுது இன்னும் புதுசாவே இருக்குது. கெட்டுப்போகாத ஆயிலுக்குத்தான் இத்தினி நாளா பணம் வாங்கியிருக்கானுங்க."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. போல்ட்டை முடுக்கிவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து புது ஆயிலை ஊற்ற ஆரம்பித்தேன். பாட்டிலில் பாதி போனதும் துவாரத்தின் வாயிலேயே எண்ணெய் ததும்பி என் காலில் வழிந்தது.

"பாதி பாட்டில்தான் புடிக்குது!" என்று கத்தினேன். "முழு பாட்டிலுக்குப் பில் போட்டிருக்காங்கக்கா!"

மூன்று வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒன்று சேர்ந்து கோபப்பட்ட முதல் விஷயம் அதுதான். மிச்சப் பாட்டிலை அடுத்த முறைக்கு என்று மூடி வைத்தபோது இருவருக்கும் ஏக சந்தோஷம்.

நாத்தனார் வண்டியைக் கிளப்பித் தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். பத்து வீடு தாண்டவில்லை, பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. பிறகு அவரையே காணவில்லை, புகை மட்டும்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து தகரத்தைத் தேய்ப்பது போல ஒரு சத்தம். எதிர் மாடியில் குடியிருக்கும் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எட்டிப் பார்த்து, "கொசு மருந்து வண்டி வந்துடுச்சு, ஜன்னல மூடுங்க!" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.

புகைக்குள்ளிருந்து நாத்தனார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஆஃப் பண்ணிட்டேன். எதுவோ தப்பாப் பூடுச்சும்மா" என்றார்.

நைட்டியை மாற்றக்கூடத் தோன்றவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுத்த தெரு மெக்கானிக்கிடம் தள்ளினோம். சர்வீஸ் சென்டர் நல்லது என்று இத்தனை நாள் நாங்கள் எட்டிப் பார்க்காத கடை. மெக்கானிக் என் வயதுக்காரர். பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னோம். தேன் நிறம் என்றபோது டீயைக் கீழே வைத்தார். பாதி பாட்டில் என்றபோது வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, இதுல ரெண்டு போல்ட் இருக்குது. ஒண்ணு எஞ்சின் ஆயில், ஒண்ணு கியர் ஆயில். நீங்க கியர் ஆயில வடிச்சிட்டு, ஏற்கெனவே ரொம்பிக் கெடந்த எஞ்சின்ல இன்னும் ஊத்திருக்கீங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நாத்தனாரைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. இந்த யோசனை அவருடையது, துள்ளிக் குதித்தது நான். யார் மேல் கோபம் திரும்பும் என்று காத்திருந்தேன்.

அவர் சிரித்தார். முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வண்டி சீட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "கெட்டுப்போகாத ஆயிலுன்னு சொன்னேனே... ஐயோ..." கண்ணையும் மூக்கையும் புறங்கையால் துடைத்தார். கையிலிருந்த வண்டி அழுக்கு பட்டு மூக்குக்குக் கீழே கறுப்பாக ஒரு மீசை வந்துவிட்டது.

"அக்கா, உங்களுக்கு மீசை."

"உனக்கு மட்டும் இல்லியா? கண்ணாடியப் பாரு."

வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். என்னுடையது தாடி. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டது. மெக்கானிக் எங்களை விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பித் தனியாகச் சிரித்தார்.

"எஞ்சினுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கடைசியில் கேட்டேன்.

"ஒண்ணும் ஆவல. ஒடனே ஆஃப் பண்ணித் தள்ளிக்கினு வந்தீங்க பாருங்க, அதனால தப்பிச்சுது." ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர் குனிந்தார்.

நாத்தனார் அவரைத் தடுத்தார். "நீ தொடாத தம்பி. எந்த போல்ட்டுன்னு மட்டும் காட்டு. நாங்களே பண்றோம்."

அவர் காட்டினார். கடைத் தரையில் நாங்கள் இருவரும் மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை கருகருவென்று, வீடியோவில் வந்தது போலவே ஊற்றியது. அப்படி ஒரு அழுக்கைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. புது பாட்டில், கியர் ஆயில், வாஷர் எல்லாம் அங்கேயே வாங்கினோம். ஏர் ஃபில்டருக்குள்ளும் எண்ணெய் ஏறியிருந்ததால் அதையும் மாற்றினோம். மெக்கானிக் கூலி கேட்கவில்லை, நாத்தனார் விடாமல் அவர் சட்டைப் பையில் பணத்தைத் திணித்தார்.

"ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டு வாங்க. ஒழுகுதான்னு பாத்துடலாம்" என்றார் மெக்கானிக்.

அப்படியே, மீசையும் தாடியுமாகக் கிளம்பினோம். வடக்கே போகும் சாலையில் பிள்ளைச்சாவடி வரை ஓட்டினேன். புகை இல்லை, சத்தம் இல்லை. என் பின்னால் உட்கார்ந்தால் நாத்தனார் எப்போதும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைத்தான் பிடிப்பார். அன்றைக்கு என் தோளில் கை வைத்திருந்தார். நைட்டியில் எண்ணெய்க் கை பதிந்தது. எப்படியும் அந்த நைட்டியின் கறை இனி துவைத்துப் போகிறது இல்லை.

கடலோரம் மீன் விற்ற அம்மா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "எங்கேர்ந்து வரீங்க?"

"மெக்கானிக் கடையிலேர்ந்து" என்றார் நாத்தனார், பெருமையாக. காரப்பொடி என்கிற சின்ன மீன் வாங்கினோம்.

திரும்பும் வழியில் அவர் என் காதருகே சொன்னார்: "மொத்தம் ஆயிரத்து எழுநூறு ஆயிடுச்சு. சர்வீஸ் சென்டர்லயே குடுத்திருக்கலாம்."

"ஆமாங்க்கா. வாட்டர் வாஷும் பண்ணிக் குடுத்திருப்பான்."

அவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். வண்டி ஆடியது, ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த முறை நாங்களே மாற்றினோம். சரியான போல்ட், அளவான ஆயில். சர்வீஸ் சென்டர் பில்லில் பாதிகூட ஆகவில்லை. வடித்த ஆயிலை சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து மெக்கானிக்கிடமே கொடுத்தோம். அவர் பீப்பாயில் சேர்த்து விற்பவர். பிரேக், பெல்ட் என்றால் இப்போதும் அவரிடம்தான் போகிறோம். எங்களுக்கு அவ்வளவு தைரியம் வரவில்லை. வீட்டில் நாத்தனார் இன்னமும் பாத்திரத்தை இரண்டாம் முறை கழுவுகிறார். அவர் தட்டைத் திருப்பிப் போட்டுத் தேய்க்கும்போது, "அந்தப் பக்கம் கியர் ஆயிலுங்களாக்கா?" என்று கேட்பேன். சோப்பு நுரையை என் மேல் தெளிப்பார்.

கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்யும் பெண் விஷயத்தைக் கேள்விப்பட்டு, தன் வண்டிக்கும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டாளாம். எவ்வளவு வாங்குவீர்கள் என்றதற்கு நாத்தனார், "மத்தியான சாப்பாடு" என்றிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பேசினும் ஸ்பேனருமாக வீராம்பட்டினம் போனோம். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் கையில் வாசனை போகவில்லை. அந்தக் கையாலேயே இறால் தொக்கைப் பிசைந்து, இரண்டு பேரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டோம்.