பட்டாளத்துக்காரர் படத்தில் அக்கா

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கு வேலை, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது. மீட்டர் எப்போதும் கதவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், யாரும் கண்டுகொள்ளாத இடத்தில்தான் இருக்கும். இடிக்கப்போகிற ஒரு பழைய வீட்டில் அப்படி மீட்டருக்குக் கீழே குப்பையோடு கிடந்தவர்தான் அந்தப் பட்டாளத்து அதிகாரி. கெட்டி அட்டையில் ஒட்டிய, நூறு வருஷத்துக்கும் மேலான பழுப்புப் படம். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, மடியில் தொப்பி, இடுப்பில் வாள், பல்வலிக்காரனின் முறைப்பு. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னதும், அத்தான் பச்சைப்பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி கொண்டுவந்தார்.

வீட்டில் அந்த அளவுக்குப் பொருந்திய சட்டம் கல்யாணப் போட்டோவினுடையது மட்டும்தான். அதைக் கழற்றிவிட்டு அதிகாரியை உள்ளே வைத்தார். கல்யாணப் போட்டோவுக்குப் புதுச் சட்டம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அக்கா எதற்குத்தான் வாயைத் திறந்தாள்? அலமாரிக்கு அடியில் போன கல்யாணப் போட்டோவைக் கறையான் தின்று தீர்த்தது.

பேர் தெரியாத அந்த ஆளின் பேரைக் கண்டுபிடிப்பதே அதன்பிறகு அத்தானுக்குப் பிழைப்பாகிவிட்டது. பழைய படம் சேர்ப்பவர்களுக்கெல்லாம் நகல் அனுப்பினார். அதற்காகவே ஒரு கேமரா வாங்கினார். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்ததால் கண்ணாடிக்கு மேலேதான் எடுக்க வேண்டும்; ஜன்னல் வெளிச்சத்தில் அறையே அதில் தெரியும். அதை மறைக்க, அக்கா அவருக்குப் பின்னால் நின்று கறுப்புப் போர்வையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கை ஓய்ந்து போர்வை இறங்கினால் அவள் முகம் கண்ணாடியில் விழும்.

"உன் மூஞ்சி விழுது. தள்ளி நில்லு" என்பார்.

அப்படி விழுந்த படங்களையெல்லாம் கிழித்துப் போட்டார். ஒரு தடவையாவது அந்தக் கேமராவை அவள் பக்கம் திருப்பியிருக்கலாம். எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

செல்போன் எல்லாம் வராத காலம் அது. விசேஷ வீடுகளில் கேமராவைக் கண்டால் சமையற்கட்டுக்குள் நழுவிவிடுகிறவள் அக்கா. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. சுவரில் மாட்ட அம்மா படம் ஒன்று கொடுங்கள் என்று மகள் கேட்டபோதுதான் அத்தான் திருதிருவென்று விழித்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மனிதர் வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடினார். கடைசியில், மேஜை ஆடாமலிருக்கக் காலுக்கு அடியில் மடித்துச் செருகியதால் கிழிபடாமல் தப்பிய, கெட்டுப்போன படம் ஒன்று கிடைத்தது. அதிகாரியின் மார்புக்கு மேல், புகை மாதிரி அக்கா முகம். கை நோவை மறைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டு அத்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரியை மட்டும் அழித்துத் தர முடியுமா என்று ஸ்டூடியோக்காரரிடம் மகள் கேட்டாள். அதிகாரியின் பொத்தான்கள் அம்மாவின் கன்னத்திலேயே இருக்கின்றன, அவரை அழித்தால் அம்மாவும் போய்விடுவார் என்று அவர் கையை விரித்துவிட்டார். அப்படியே பெரிதாக்கி மாட்டினார்கள்.

வருகிறவர்கள் யார் இந்த மிலிட்டரிக்காரர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் அத்தான்.

"அவர் யாரோ, எனக்குத் தெரியாது. கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. முன்னாடி நிக்கிறது என் வீட்டுக்காரி. தள்ளி நில்லுன்னு திட்டிக்கிட்டேதான் எடுத்தேன்."