இரண்டு கையாலும் கொடுக்க வேண்டிய தட்டு

எங்கள் வீட்டுப் படிக்கட்டை ஆடு மேய்த்தவன்தான் கட்டியிருக்க வேண்டும். மனிதர் ஏறி இறங்குவார்கள் என்று அவன் நினைத்ததாகத் தெரியவில்லை. கீழே மசாலை அரைக்கும் கடை, மேலே நாங்கள். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான். அப்பா துறைமுகத்துக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. விடிந்ததும் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். மற்ற நேரமெல்லாம் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு நானும் அம்மாவும் இருப்போம்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். முதலில் படி இறங்குவது நின்றது. பிறகு அறையைக் கடப்பது நின்றது. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில், அவ்வளவுதான் அவளுடைய போக்குவரத்து. வண்டி நான்தான். காலையில் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைப்பேன். வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்து, முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பேன். சீனத் தச்சன் ஒருவன் நாற்காலியின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தான். அதற்கு அடியில் ஒரு சட்டி. கக்கூஸ் கீழே, கடைக்குப் பின்னால். சட்டியை வாழையிலையால் மூடி, அந்தப் படிக்கட்டில் இறங்கி, கடைக்குள் புகுந்துதான் போக வேண்டும். கடை ஆட்கள் மூக்கைப் பொத்த மாட்டார்கள், வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் அந்தத் திரும்புதலை நான் வெறுத்தேன்.

அந்தக் காலத்து மாடி வீடுகளில் தரைப் பலகையில் சதுரமாக ஒரு ஓட்டை வைத்திருப்பார்கள். கீழே அஞ்சடியில், அதாவது கடை வாசலை ஒட்டிய கூரையிட்ட நடைபாதையில், நின்று கதவைத் தட்டுவது யார் என்று மேலேயிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அம்மாவின் நாற்காலி அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கீழே கீரைக்காரியிடம் நான் இரண்டு வார்த்தை கூடப் பேசினால் என் தலைக்கு மேல் அம்மாவின் தடி தட்டும்.

“ஏய், கீர வாங்கப் போனியா, கீரக்காரிக்குக் கல்யாணம் பேசப் போனியா?”

தெருமுனையில் டிராம் மணியடித்துக்கொண்டு போகும். அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்த்ததில்லை. தைப்பூசத்துக்கு ஊரே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் திரளும்போது, நான் சன்னலில் நின்று போகிறவர்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா மேல் எனக்குப் பாசம் இருந்தது. மூச்சும் முட்டியது. இரண்டும் அந்த ஒரே அறையில்தான் இருந்தன.

கல்யாணப் பேச்சு வராமலில்லை. முன்பு ஒரு கூட்டம் வந்து கேசரி தின்றுவிட்டுப் போனது. அம்மா உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். வந்த அம்மாள் குனிந்து நாற்காலிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு ஆள் மூலம் பதில் வந்தது: தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? படிக்கட்டில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்கிய என் முழங்கால்களுக்கும் சேர்த்தே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

எனக்கு இருபத்தாறு வயது ஆனபோது தீவின் மறுகோடியில் இருந்த பாலிக் புலாவிலிருந்து ஓரிடம் வந்தது. மாப்பிள்ளை அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். மலைக்கு அந்தப் பக்கம், ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே வீடு. மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு மாடி உண்டா என்றுதான் அப்பாவைக் கேட்டேன். இல்லை, தரை வீடு என்றார். கதவைத் திறந்தால் நேரே மண். அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை எனக்கு. அவ்வளவு ஆசை.

அம்மா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“இந்தத் தடவ நான் நிக்கிறேன்” என்றாள்.

“எங்க நிக்கிற?”

“நின்னுதான் தாம்பூலம் கொடுப்பேன். உக்காந்துகிட்டு நீட்டினா அந்தப் பொம்பள என்ன நினைப்பா?”

பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது, வீட்டுக்காரி எழுந்து நின்று, வெற்றிலை பாக்கும் பூவும் குங்குமமும் வைத்த தட்டைத் தன் கையால் கொடுக்க வேண்டும். மற்றதை எல்லாம் மறைத்துவிடலாம். இதை மட்டும் மறைக்க முடியாது.

“அப்புறம்? நான் போயிட்டா உன்ன யார் தூக்குவா?”

“உன் சின்னம்மா நாகப்பட்டணத்துலேர்ந்து வரேன்னிருக்காள்ல.”

அந்தச் சின்னம்மா வருடக் கணக்காகக் கப்பல் ஏறிக்கொண்டேதான் இருந்தாள். அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து பயிற்சி. நாற்காலியைத் தரை ஓட்டைக்குப் பக்கத்துச் சன்னலை ஒட்டிப் போட்டோம். அம்மா இடது கையால் சன்னல் கம்பியைப் பிடித்து எழும்புவாள், நான் இடுப்பில் கைகொடுப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, தொப்பென்று உட்காருவாள். “விடுடி, என்னைப் பிடிக்காத” என்று திட்டுவாள். விட்டால், “ஏண்டி விட்ட?” என்பாள். கடைசியில் கம்பியைப் பிடித்தபடி, வலது கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை நாள் இந்தப் பிடிவாதத்தை எங்கே வைத்திருந்தாள்?

அந்த நாளும் வந்தது. ஓட்டை நாற்காலியைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கடையில் நல்ல நாற்காலி ஒன்று இரவல் வாங்கினோம். சட்டி தேவைப்படக் கூடாது என்று அம்மா காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. பட்டுச் சேலையைக் கால் தெரியாமல் மடித்து விட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா கனத்த சரீரம். தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு மேலே வந்து சேர்ந்ததும், “ஐயோ, என்னா படிம்மா இது, மலை ஏறின மாதிரி இருக்குலா!” என்று மூச்சு வாங்கினார். கையில் ஒரு சீசா ஜாதிக்காய் ஊறுகாய். நான் செய்த வடையை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, “எங்க வீட்டுல எல்லாம் தரைதான், உனக்குக் கஷ்டமே இல்ல” என்றார். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப் போய்விட்டது. அம்மாவோ காய்ந்த உதட்டோடு ஊர்க்கதை, மீன் விலை என்று எதையோ பேசிச் சமாளித்தாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் எழுந்தார்கள். நான் தட்டை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கம்பியைப் பிடித்து எழுந்தாள். வலது கையில் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை விரித்து, தலை குனிந்து, முறைப்படி வாங்கிக்கொள்ள நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாம்பூலத்தை ஒற்றைக் கையால் கொடுப்பார்களா? பிச்சைக்காரனுக்குத்தான் ஒற்றைக் கையால் போடுவார்கள். இத்தனை நாள் பழகியும் அது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை.

அம்மா கம்பியை விட்டாள். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, வெற்றிலையை முந்தானையில் சரித்தாள். குங்குமத்தை எடுத்து அந்த அம்மாளின் நெற்றியில் வைத்தாள். தங்கைக்கும் வைத்தாள். “போயிட்டு வாங்க” என்று சிரித்தாள்.

அப்பா அவர்களை அழைத்துக்கொண்டு இறங்கினார். கடைசிக் காலடி படியில் மறைந்ததும் அம்மா சன்னல் சுவரோடு சரிந்து விழுந்தாள். இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவள் கத்தவில்லை. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, என்னையும் சத்தம் போடாதே என்று கையால் அடக்கினாள். தரை ஓட்டைக்குப் பக்கத்தில் அவள் முகம் கிடந்தது. கீழே அஞ்சடியில் மாப்பிள்ளையின் அம்மா தங்கையிடம் சொல்வது கேட்டது.

“தெம்பான பொம்பளதான்லா. மகள நம்பிக் கெடக்கல. பயமில்லாம பொண்ணு எடுக்கலாம்.”

அம்மா துணியைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் அது ஜெயித்தவளின் முகம்.

அதற்குப் பிறகு அவள் நாற்காலிக்குக்கூடத் திரும்பவில்லை. எலும்பு கட்டுகிறவர் வந்து பார்த்துவிட்டு, படுக்கைதான் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் பாலிக் புலாவிலிருந்து சம்மதம் வந்தது. தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா என்னிடம் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு இன்றுவரை அந்தக் கோபம் தீரவில்லை. அம்மா மட்டும் படுத்த இடத்திலிருந்தே சேலை நிறம் பேசினாள், பலகாரம் பேசினாள். அவளைப் புரட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் உட்கார்ந்தே இருந்திருந்தால், அவர்களே வேண்டாம் என்று போயிருப்பார்கள். நானும் அவர்களைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். இப்போது கதவு திறந்து கிடந்தது. அதை என் கையாலேயே சாத்த வேண்டியிருந்தது.

அப்பாவிடம் சொல்லி, வேண்டாம் என்று ஆள் அனுப்பினேன். அம்மாவிடம் அன்று மத்தியானம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“அப்ப நான் எதுக்குடி நின்னேன்?” என்றாள்.

நான் சட்டியை இலையால் மூடி எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.